ஐரோப்பியக் கௌபாய்ப் படங்களும் அவற்றின் சம்பிரதாயங்களும்

கௌபாய்ப் படம் என்றவுடன் குதிரையும், தொப்பியும், இடுப்புத் துப்பாக்கியும், இவற்றைத் தாங்கிய நாயகனின் முகமும் நம் மனக்கண்முன் தோன்றுமேயன்றி, காமிராவுக்குப் பின்னால் நின்று அவற்றையெல்லாம் ஆட்டிவைத்தவர்களின் பெயர்கள் தோன்றுவதில்லை. ஐரோப்பாவில் தயாரான கௌபாய்ப் படங்களைப் பொறுத்தமட்டில் இந்த மறதிக்கு ரசிகர்களை மாத்திரம் குறை கூறுவதற்கில்லை; எடுத்தவர்களே தம் பெயரை மறைத்துக்கொண்டார்கள். 1964ஆம் ஆண்டு ஸெப்டம்பர் மாதம் பிளாரென்ஸ் நகரத்தில் 'ஒரு கைப்பிடி டாலர்' என்னும் படம் வெளியானபோது, அதன் டைரக்டர் பாப் ராபர்ட்ஸன் என்றும், ஒளிப்பதிவாளர் ஜாக் டல்மாஸ் என்றும், இசையமைத்தவர் டான் ஸேவியோ என்றும் திரையில் எழுத்துகள் ஓடின. மூவரும் இத்தாலியர், முறையே ஸெர்ஜியோ லியோனே, மஸ்ஸிமோ தல்லமானோ, என்னியோ மோர்ரிகோனே. இத்தாலியன் எடுத்த கௌபாய்ப் படத்தை இத்தாலியனே காசு கொடுத்துப் பார்க்கமாட்டான் என்று விநியோகஸ்தர்கள் அஞ்சிய காலம் அது. லியோனேயின் புனைபெயரில் மட்டும் ஓர் அந்தரங்கம் ஒளிந்திருந்தது. அவருடைய தந்தை வின்செஞ்ஸோ லியோனே, ரொபெர்த்தோ ரொபெர்த்தி என்ற பெயரில் ஊமைப்பட யுகத்தில் டைரக்டராக விளங்கியவர். 1913இல், பின்னால் தமக்கு மனைவியான பீச்சே வலேரியன் என்ற நடிகையை வைத்து, செவ்விந்தியப் பின்னணியில் ஒரு படமும் எடுத்தவர். ரொபெர்த்தியின் மகன் என்பதைத்தான் அன்னியப் பெயருக்குள் வைத்து மகன் ஊரறியச் சொல்லிக்கொண்டார்.

இந்த ஐரோப்பியக் கலைஞர்களை எந்தப் பிரமாணத்தைக் கொண்டு அளப்பது என்பதே இக்கட்டுரையின் விசாரம். அமெரிக்க மேற்குப் பிரதேசத்தை எவ்வளவு உண்மையாகப் படைத்தார்கள் என்று கேட்டு அவர்களுக்கு மதிப்பெண் இட முற்பட்டால், அவர்களில் பெரும்பாலோர் முதல் வரியிலேயே தோற்றுப்போவார்கள். ஏனெனில், அந்தப் பிரதேசத்தை அவர்கள் அறிந்தது ஹாலிவுட் படங்களின் மூலமாகவும் சிறுவர் கதைப் புஸ்தகங்களின் மூலமாகவுமேயாகும். சங்கீதத்தில் லட்சியத்தைக் கண்டே லட்சணத்தை வகுக்கவேண்டும் என்பார்கள். அந்த முறையில் படங்களை முதலில் பார்த்துவிட்டு இலக்கணத்தைத் தேடினால் நமக்குப் புலப்படுவது வேறொன்று. இவர்களிடம் பணம் இல்லை, பிலிம் போதவில்லை, படப்பிடிப்பு ஸ்தலத்தில் ஒலிப்பதிவு இல்லை, நடிகர்களுக்குள் பொதுவான பாஷை இல்லை. இத்தனை இல்லாமைகளையும் மூடி மறைக்கப் பார்த்தவர்களின் படங்கள் இன்று தூசியடைந்து கிடக்கின்றன. அந்த இல்லாமைகளையே தம் பாணியின் அங்கமாக ஆக்கிக்கொண்டவர்களின் படங்கள் நிலைத்திருக்கின்றன. இங்கே நான் கொள்ளும் உரைகல் இதுவே. அமெரிக்கா இதில் ஒரு சாக்கு மாத்திரம்.

ஆதிகாலத்துச் சங்கதிகளில் நெடுநேரம் நிற்கவேண்டியதில்லை. பிரான்ஸின் தென்கோடியில் ரோன் நதி கடலோடு கலக்கும் கமார்க் என்னும் சதுப்பு நிலத்தில், காட்டுக் குதிரைகளும் அவற்றை மேய்க்கும் சவாரிக்காரர்களும் இயற்கையாகவே இருந்தமையால், முதல் உலக யுத்தத்திற்கு முன்னரே ஜோ ஹமான் என்பவர் அங்கே கௌபாய்ப் படங்களை நடித்தும் எடுத்தும் காட்டினார். ஜான் டுராண்ட் என்ற டைரக்டர் அவருக்குத் துணையிருந்தார். வம்சம் அவ்வளவு பழையது. ஆனால் சம்பிரதாயம் என்று சொல்லத்தக்கது உருவானது 1960களிலேதான்.

அதில் முந்திக்கொண்டவர்கள் ஜெர்மானியர்கள். கார்ல் மே என்னும் நாவலாசிரியர், அப்பாச்சித் தலைவன் வின்னெட்டுவையும் அவன் ஜெர்மானியத் தோழன் ஓல்ட் ஷாட்டர்ஹாண்டையும் படைத்துத் தலைமுறை தலைமுறையாக ஜெர்மானியச் சிறுவர்களைப் பித்தாக்கியவர். அவர் அமெரிக்காவுக்குப் போனதே 1908இல், புகழெல்லாம் அடைந்த பிறகுதான். அப்போதும் கிழக்குப் பகுதியோடு திரும்பிவிட்டார். அவருடைய கதைகளை ஹோர்ஸ்ட் வெண்ட்லாண்ட் என்ற தயாரிப்பாளர் துணிந்து படமாக்க முன்வர, ஹரால்ட் ரைனல் டைரக்டராக அமைந்து, 1962இல் 'வெள்ளி ஏரிப் புதையல்' வெளிவந்தது. ரைனல் ஆஸ்திரியர், இளமையில் பனிச்சறுக்கு வீரராக மலைப் படங்களில் உழைத்துப் பழகியவர். மலையை எந்தக் கோணத்தில் பார்த்தால் அது கம்பீரம் பெறும், மனிதனை அதன்முன் எங்கே நிறுத்தினால் அவன் சிறுமை அடையாமல் இருப்பான் என்னும் நுட்பம் அவருக்குக் கைவந்திருந்தது. யுகோஸ்லாவியாவில், இன்று குரோவேஷியாவில் உள்ள பிளிட்விஸ் ஏரிகளும் பாக்லெனிகாவின் சுண்ணாம்புக்கல் பள்ளத்தாக்குகளும் அவர் கண்ணுக்கு அமெரிக்காவாகத் தெரிந்தன. எர்ன்ஸ்ட் காலின்கேயின் ஒளிப்பதிவில் நமக்கும் அவ்வாறே தெரிகின்றன. மார்ட்டின் பொட்ஷர் அமைத்த இனிய வாத்திய இசை அதன்மேல் தவழ்கிறது. பிரெஞ்சு நடிகர் பியர் பிரீஸ் வின்னெட்டுவாகவும், பழைய டார்ஸான் லெக்ஸ் பார்க்கர் ஷாட்டர்ஹாண்டாகவும் தோன்றிய இந்த வரிசையில் ரைனலின் படங்களே மேலானவை. ஆல்பிரட் வோரர் எடுத்தவை சாமர்த்தியமானவை, அவ்வளவே. நல்லவன் நல்லவனாகவும் தீயவன் தீயவனாகவும் கடைசிவரை இருக்கும் இந்த உலகில் குறை காண்பது எளிது. ஆயினும், போரில் தோற்றுக் குற்றவுணர்ச்சியில் குன்றியிருந்த ஒரு தேசம், வேற்றினத்தானோடு ரத்த சகோதரனாகும் ஜெர்மானியன் ஒருவனைத் திரையில் கண்டு ஆறுதல் கொண்டதை நாம் எள்ளி நகையாடவேண்டிய அவசியமில்லை. பின்னால் இத்தாலியர்கள் செவ்விந்தியரை ஏறக்குறைய அடியோடு மறந்து, அவர்கள் இடத்தில் மெக்ஸிகோ நாட்டுக் குடியானவனை அமர்த்தியதையும் இங்கேயே குறித்துவைப்பது நல்லது.

ஸ்பெயின் தேசத்தார் இந்தக் கதையில் நிலத்தைக் கொடுத்தவர்களாக மட்டும் நினைக்கப்படுகிறார்கள். அது நியாயமன்று. ஹோவாகின் லூயிஸ் ரொமேரோ மார்ச்செண்ட் 1950களின் மத்தியிலேயே கோயோட்டே என்னும் முகமூடி வீரனின் கதையைப் படமாக்கியவர்; லியோனேக்கு முந்திய ஆண்டுகளில் அவர் எடுத்த படங்களில் பழிவாங்குதல், குடும்பத்தின் மானம், தாயின் துக்கம் ஆகியவை ஸ்பெயின் நாட்டுக்கே உரிய கனத்தோடு அமைந்திருக்கின்றன. அவருக்கு அமைந்த குறை ஒன்றே. அமெரிக்கப் படத்தின் மரியாதையான நடையை அவர் விடவில்லை. நிலத்தைப் பற்றிச் சொல்வதானால், பிரிட்டிஷ்காரராகிய மைக்கேல் காரெராஸ் 1961இல் அல்மெரியா மாகாணத்துக்குக் காமிராவைக் கொண்டுபோனதும், அடுத்த ஆண்டு வெளியான 'லாரன்ஸ் ஆப் அரேபியா'வின் சில பகுதிகள் அங்கே எடுக்கப்பட்டதும், தபெர்னாஸ் பாலைநிலத்தைச் சினிமாக்காரர்களின் யாத்திரை ஸ்தலமாக்கின. மாட்ரிட்டுக்கு அருகே ஓயோ தெ மன்ஸனாரெஸில் ஒரு கௌபாய்ப் பட்டணம் மரத்தால் எழுந்தது. இத்தாலி, ஸ்பெயின், மேற்கு ஜெர்மனி ஆகிய நாடுகளின் கம்பெனிகள் கூட்டாகப் படமெடுத்தால் ஒவ்வொரு நாட்டிலும் அது சுதேசிப் படமாகக் கருதப்பட்டு அரசாங்கச் சலுகைகளைப் பெறும் என்ற ஒப்பந்த ஏற்பாடே இவ்வளவுக்கும் அடிப்படை. ஒரே படத்தில் ஜெர்மானிய வில்லனும் ஸ்பானிய நாயகியும் இத்தாலிய நண்பனும் தோன்றுவது கலைக்காக அன்று, கணக்குக்காக.

இந்தக் கணக்குப் புஸ்தகத்தின் ஓரத்திலேதான் லியோனேயின் முதல் கௌபாய்ப் படம் பிறந்தது. ரோமாபுரியில் அப்போது தலைமுறை ஒன்றுக்கு வேலை போயிருந்தது. ஹெர்குலிஸ் முதலிய புராண வீரர்களின் படங்கள் ஓய்ந்துவிட்டன. பெரிய கம்பெனிகள் பெருஞ்செலவில் நஷ்டமடைந்தன. ஜாலி பிலிம் என்னும் சிறு நிறுவனம், மரியோ காயானோ எடுத்துவந்த வேறொரு கௌபாய்ப் படத்தின்மீது நம்பிக்கையெல்லாம் வைத்து, அதன் மிச்சத்தையும் சொச்சத்தையும் கொண்டு இரண்டாவதாக ஒன்றை எடுத்துக்கொள்ளும்படி லியோனேயை அனுமதித்தது. மொத்தச் செலவு சுமார் 2,00,000 டாலர். தொலைக்காட்சித் தொடரில் நடித்துக்கொண்டிருந்த கிளின்ட் ஈஸ்ட்வுட்டுக்குச் சம்பளம் 15,000 டாலர். கதையோ ஜப்பானிய டைரக்டர் குரோஸாவாவின் 'யோஜிம்போ'விலிருந்து அனுமதி பெறாமல் எடுத்தது. ஜப்பானியர் வழக்குத் தொடுத்து, உலக வசூலில் நூற்றுக்குப் பதினைந்து பங்கும் ஜப்பான் முதலிய நாடுகளின் விநியோக உரிமையும் பெற்றுக்கொண்டார்கள். இரு எஜமானர்களுக்கு ஊழியம் செய்பவனைப் பற்றிய கோல்தோனியின் பழைய இத்தாலிய நாடகத்திலிருந்தே இக்கதை வந்தது என்று லியோனே வாதித்தார். சாதுரியமான வாதம், ஆனால் 'யோஜிம்போ'வைப் பார்த்த எவரும் அதை ஒப்புக்கொள்ளார்.

களவு கதையில்தான், பார்வையில் இல்லை. அந்தப் பார்வை எவ்வாறு அமைந்தது என்பதற்கு ஒரு தொழில்நுட்ப விவரம் சொல்லியாக வேண்டும். சாதாரண 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு சட்டத்துக்கு நான்கு துளைகள் இடம்பிடிக்கும். டெக்னிஸ்கோப் என்னும் முறையை இத்தாலியில் இருந்த டெக்னிகலர் நிறுவனத்தார் வகுத்தபோது, இரண்டு துளை உயரத்தில் ஒரு சட்டத்தைப் பதித்தார்கள். அதனால் பிலிம் செலவு பாதியாயிற்று. அகலத்திரைக்கு வேண்டிய வடிவமும் தானே கிடைத்தது. ஹாலிவுட்டார் அகலத்திரைக்குப் பயன்படுத்திய அமுக்கு லென்ஸுகள் முகத்தின் அருகே போனால் கன்னத்தை வீங்கச் செய்யும். டெக்னிஸ்கோப்பில் சாதாரண லென்ஸே போதும் ஆகையால், காமிராவை முகத்தின்மேல் ஒட்டிவைக்கலாம்; அதே சமயம் தூரத்தில் நிற்பவனும் தெளிவாக இருப்பான். படம் சற்றுப் பொரிந்து தெரிவது மட்டும் இதன் விலை. இம்முறையைப் பலர் சிக்கனமாகக் கண்டார்கள். லியோனே அதில் ஒரு காவிய பாணியைக் கண்டார். திரை முழுவதையும் இரு கண்கள் அடைத்துக்கொள்வதும், மறுகணமே மனிதன் எறும்பளவாக அடிவானத்தில் நகர்வதும் ஆகிய இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் உள்ள மரியாதையான நடுத்தூரத்தை, அதாவது ஹாலிவுட்டின் உயிர்நிலையை, அவர் ஏறக்குறைய ஒழித்துவிட்டார்.

ஒலியிலும் இவ்வாறே. படப்பிடிப்பின்போது ஒலிப்பதிவு செய்யும் வழக்கம் இத்தாலியில் இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் பாஷையில் வசனத்தை ஒப்பிப்பார்கள், பின்னால் டப்பிங் நடக்கும். பிறர் இதனால் உதடும் சொல்லும் பொருந்தாத படங்களை எடுத்தார்கள். லியோனே வசனத்தையே குறைத்தார். ஒலி அனைத்தும் பின்னால் சேர்க்கப்படுவதாயின், எந்த ஒலியை வைப்பது எதை நீக்குவது என்பது தம் சுதந்திரம் அல்லவா என்று அவர் எண்ணியிருக்கவேண்டும். 1968இல் வந்த 'ஒரு காலத்தில் மேற்கே'யின் ஆரம்பத்தில் மூன்று கொலைகாரர்கள் ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். எண்ணெய் காணாத காற்றாடியின் கிறீச்சிடலும், தொப்பியில் சொட்டும் நீரும், முகத்தில் ஊரும் ஈயின் ரீங்காரமுமே அங்கே சங்கீதம். மோர்ரிகோனே என்ற மகாவித்வான் கையருகில் இருந்தும் அவரை அங்கே வாசிக்கவிடவில்லை. மற்ற இடங்களிலோ, அந்தப் படத்திற்கான இசையைப் படப்பிடிப்புக்கு முன்னரே இயற்றச் செய்து, ஸ்தலத்தில் ஒலிபரப்பி, நடிகர்களின் நடையையும் காமிராவின் நகர்வையும் அதற்கு இசைய அமைத்தார். லியோனேயும் மோர்ரிகோனேயும் ஆரம்பப் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அலெஸ்ஸாண்ட்ரோ அலெஸ்ஸாண்ட்ரோனியின் சீட்டியும் கிதாரும், எத்தா தெல்லோர்ஸோவின் சொல்லற்ற குரலும் இல்லாமல் அந்த இசை இல்லை.

கார்லோ ஸிமி என்னும் கலை இயக்குநரை யாரும் புகழ்வதில்லை, நான் புகழ்கிறேன். கட்டிடக்கலை பயின்ற அவர் லியோனேக்குத் தெருக்களையும் அமைத்தார், உடைகளையும் வடிவமைத்தார். தபெர்னாஸ் அருகே 'மேலும் சில டாலருக்காக' படத்துக்கு அவர் எழுப்பிய எல் பாஸோ பட்டணம், இன்றும் சுற்றுலாப் பயணிகள் கட்டணம் செலுத்திப் பார்க்கும் இடமாக நிற்கிறது. புழுதி படிந்த நீண்ட மேலங்கிகள் அவர் கையில் வெறும் உடையாக இராமல் உருவத்தின் பகுதியாயின.

'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' என்று நம்மவர் அறிந்த 1966ஆம் ஆண்டுப் படத்தில் இந்தக் கலைஞர்கள் அனைவரும் ஒருங்கே உச்சத்தை அடைகிறார்கள். பர்கோஸ் பிரதேசத்தில் ஸ்பெயின் ராணுவத்தார் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொய்க் கல்லறைகளை வட்டவட்டமாக அமைத்துக் கொடுத்தார்கள். ஆற்றின்மேல் பாலம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தவர்களும் அவர்களே, காமிரா ஓடத் தொடங்குமுன் சைகையைத் தவறாகப் புரிந்துகொண்டு அதை வெடிவைத்துத் தகர்த்தவர்களும் அவர்களே. மறுபடி கட்டினார்கள். அந்த இடுகாட்டில் புதையலைத் தேடி ஓடும் கொள்ளைக்காரன் டுக்கோவைத் தோனினோ தெல்லி கோல்லியின் காமிரா சுழன்று சுழன்று துரத்த, கல்லறைகள் கோடுகளாகக் கரைகின்றன. அதன்பின் மூவர் முக்கோணமாக நிற்கும் போட்டி. அதில் நிகழ்வது ஒன்றுமில்லை, நிற்கிறார்கள், பார்க்கிறார்கள். தொகுப்பாளர் நீனோ பராகலி, முழு உருவத்திலிருந்து முகத்துக்கும், முகத்திலிருந்து கண்ணுக்கும், இடையே துப்பாக்கிப் பிடியருகே நகரும் விரலுக்கும், துண்டுகளைக் குறுக்கிக் குறுக்கிக்கொண்டு போகிறார். கச்சேரியில் கடைசி ஆவர்த்தங்கள் குறைந்து குறைந்து வந்து சமத்தில் முடியும் கோர்வையை அனுபவித்தவர்களுக்கு இந்தக் காட்சியின் கட்டுக்கோப்பை விளக்கவேண்டியதில்லை. லியோனேயின் குறையையும் சொல்லிவிடுவோம். பெண்ணைப் பார்க்க அவருடைய கண்ணுக்குத் தெரியாது. 'ஒரு காலத்தில் மேற்கே'யில் கிளாடியா கார்டினாலே ஏற்ற ஜில் என்னும் பாத்திரம் ஒன்றுதான் விதிவிலக்கு. 1971இல் அவர் எடுத்த புரட்சிப் படத்தில் ஸ்திரீகளை நடத்தும் விதம் சகிக்கத்தக்கதன்று.

லியோனே வெயிலின் கவி என்றால், ஸெர்ஜியோ கோர்புச்சி சேற்றின் கவி. 1966இல் அவர் எடுத்த 'ஜாங்கோ'வில் நாயகன் குதிரையில் வருவதில்லை. சவப்பெட்டி ஒன்றைக் கயிற்றால் கட்டி இழுத்துக்கொண்டு, முழங்கால் புதையும் சகதியில் நடந்துவருகிறான். ரோமாபுரியின் எல்லையில் இருந்த எலியோஸ் ஸ்டூடியோவின் ஒற்றைத் தெருவை, என்ஸோ பர்போனியின் ஒளிப்பதிவு, மனிதன் வாழத் தகுதியற்ற நரகமாக்குகிறது. பிரிட்டிஷ் தணிக்கையார் 1993 வரையில் அப்படத்துக்கு அனுமதிச் சான்று தரவில்லை. ஆனால் அங்கே கொடூரம் வேடிக்கைக்காக இல்லை என்பது கைவிரல்கள் நசுக்கப்பட்ட நாயகன் கல்லறைச் சிலுவையில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுட முயலும் முடிவில் விளங்குகிறது. கோர்புச்சி தம் நாயகர்களின் தேகத்தைச் சிதைக்காமல் விடுவதில்லை. குருடாகிக்கொண்டிருப்பவன், கைமுறிந்தவன், ஊமை இவர்களே அவருடைய வீரர்கள். அமெரிக்க வீரன் அழியாத உடல் படைத்தவன். இவர்களோ உடலே தோற்ற பிறகும் நிற்பவர்கள்.

1968இல் வந்த 'மாபெரும் மௌனம்' இந்த வழியின் சிகரம்; ஐரோப்பியக் கௌபாய்ப் படங்கள் அனைத்திலும் ஒன்றே ஒன்றைக் காப்பாற்றலாம் என்றால், லியோனேயின் பக்தர்கள் என்னை மன்னிக்கவேண்டும், நான் இதையே காப்பாற்றுவேன். பாலைவனம் இல்லை, டொலோமைட் மலைகளின் பனி. தொண்டை அறுபட்டு ஊமையான துப்பாக்கி வீரனாகப் பிரெஞ்சு நடிகர் ழான் லூயி திரிந்தின்யான். சட்டத்தின் அனுமதியோடு தலைக்கு விலை பேசிக் கொல்லும் வேட்டைக்காரனாகக் கிளாஸ் கின்ஸ்கி. பட்டினியால் திருடியவர்களைக் கொல்லுவது சட்டம். அவர்களைக் காப்பது குற்றம். முடிவில் வீரன் தோற்கிறான், அவனை நம்பிய கறுப்பினப் பெண் சாகிறாள், பணயக் கைதிகள் எல்லாரும் சுடப்படுகிறார்கள், கொலைகாரன் கணக்கை எழுதிக்கொண்டு புறப்படுகிறான். மங்களகரமான முடிவு ஒன்றையும் தயாரிப்பாளருக்காக எடுத்துவைத்தார் கோர்புச்சி. அதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். ஸில்வானோ இப்போலிட்டியின் காமிரா, பனியில் கண் கூசி, நெடுந்தூர லென்ஸால் துழாவி, சில இடங்களில் குறி தவறிப்போவதுபோல் மங்கித் தெளிகிறது. அந்தத் தடுமாற்றமே அப்படத்தின் அழகு.

மூன்றாவது ஸெர்ஜியோ, ஸொல்லிமா. இவரைத் தமியானோ தமியானியோடும் ஜூலியோ குவெஸ்தியோடும் சேர்த்து அரசியல் சம்பிரதாயத்தார் எனலாம். இவர்களுக்குக் கௌபாய் வேஷம் பேசமுடியாததைப் பேசுவதற்கான ஒரு முகமூடி. பாசிஸத்தையும் ஜெர்மானிய ஆக்கிரமிப்பையும் எதிர்ப்புப் போரையும் இளமையில் கண்ட தலைமுறை இது. குவெஸ்தி பெர்கமோ மலைகளில் கெரில்லாப் போராளியாக இருந்தவர். 1967இல் அவர் எடுத்த 'உயிரோடிருந்தால் சுடு' என்ற படத்தில், கறுப்புச் சீருடை அணிந்த கூட்டமும், தூக்கில் தொங்கும் பிரேதங்களும், தங்கத்துக்காகக் காயத்தைக் குடையும் ஊர்ப் பெரியமனிதர்களும், தாம் போரில் கண்டவற்றின் நிழல்களே என்று அவரே கூறியிருக்கிறார். தொகுப்பாளர் பிராங்கோ அர்கல்லி காலத்தைத் துண்டு துண்டாக்கி ஞாபகம் மின்னலைப்போல் வெட்டிச் செல்லும்படி கோத்தார். இத்தாலிய அதிகாரிகள் படத்தைப் பறிமுதல் செய்தார்கள்.

இவர்களில் பலருக்குப் பின்னால் ஒரே எழுத்தாளர் நிற்கிறார். 'அல்ஜியர்ஸ் யுத்தம்' என்ற படத்துக்குத் திரைக்கதை எழுதிய பிராங்கோ ஸொலினாஸே, தமியானியின் 'யாருக்குத் தெரியும்?' படத்துக்கும் ஸொல்லிமாவின் 'கணக்குத் தீர்ப்பு'க்கும் கைகொடுத்தவர். முன்னதில் மெக்ஸிகோப் புரட்சியின் நடுவே ஒரு வெள்ளைக்கார வாலிபன் கொள்ளைக்காரத் தலைவனிடம் நட்புப் பூண்டு, அவனைக் கருவியாகக் கொண்டு புரட்சித் தளபதியைக் கொல்கிறான். கொள்ளைக்காரனாகத் தோன்றும் ஜான் மரியா வொலொண்டே, பணக்காரனாகிவிட்ட கடைசித் தருணத்தில், ஏன் என்று தனக்கே விளங்காமல், அந்த நண்பனைச் சுட்டுவிடுகிறான். காரணம் சொல்லத் தெரியாத படிப்பற்றவனின் அறிவு என்னும் இந்தப் பொருள் ஸொல்லிமாவிடம் இன்னும் விரிகிறது. 1967இல் வந்த 'முகத்துக்கு முகம்' படத்தில், நுரையீரல் நோய்க்காகத் தெற்கே வந்த சரித்திரப் பேராசிரியர் கொள்ளைக் கூட்டத்தில் அகப்பட்டு, அவர்களுக்கே தலைவராகி, தம் படிப்பையெல்லாம் கொலைக்குச் சாஸ்திரமாக்கிக்கொள்கிறார். கொள்ளைக்காரனோ மெல்ல மெல்ல மனிதனாகிறான். படித்தவர்கள் பாசிஸத்துக்குச் சேவகம் செய்த கதையை இதைவிட உறைக்கச் சொன்ன இத்தாலியப் படங்கள் மிகச் சிலவே. ஸொல்லிமா மூன்றே கௌபாய்ப் படங்களோடு நிறுத்திக்கொண்டார். அதுவும் ஒரு லட்சணம்.

ஐரோப்பாவின் புராதன இலக்கியத்தைக் குதிரையேற்றியவர்களும் உண்டு. துச்சியோ தெஸ்ஸாரி, போரிலிருந்து வேஷமாறித் தன் வீட்டுக்குத் திரும்பும் ஒடிஸியஸை 'ரிங்கோவின் திரும்புகை'யில் உள்நாட்டுப் போர் வீரனாக்கினார். 1965இல் வந்த அப்படம் இன்றும் அலுக்கவில்லை. என்ஸோ காஸ்டெல்லாரி ஹாம்லெட்டையும் பெர்டினாண்டோ பால்தி ஓரெஸ்டஸையும் எடுத்தார்கள். காஸ்டெல்லாரி 1976இல் எடுத்த 'கியோமா', ஏற்கெனவே மூச்சடங்கிவிட்ட மரபுக்கு எழுதிய சரமகவி எனத் தகும். அதன் பாட்டுகளை மட்டும் காதைப் பொத்திக்கொண்டு கடக்கவேண்டும். லியோனேயிடம் உதவியாளராக இருந்த தோனினோ வலேரி, 'ஆத்திரத்தின் நாட்கள்' என்ற குரு சிஷ்யக் கதையில் தம் திறமையைக் காட்டினார். கென்னடி கொலையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு டெக்ஸாஸுக்கு மாற்றிப் படமெடுத்தவரும் இவரே. 1973இல் 'என் பெயர் யாருமில்லை'யை இவர் டைரக்ட் செய்தார். தயாரிப்பில் இருந்த லியோனேயின் நிழல் இவர்மேல் விழுந்து, படத்தின் நல்ல இடங்களெல்லாம் லியோனேயினுடையவை என்று உலகம் பேசிற்று. இது அநியாயம்.

இவர்களைச் சுற்றி எழுந்த பெருங்கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பத்துப் பதினைந்து வருஷங்களில் நானூற்றுக்கும் மேற்பட்ட படங்களை இத்தாலியர் எடுத்துக் குவித்தார்கள். ஜாங்கோவும் ஸர்தானாவும் யார் வேண்டுமானாலும் எடுத்தாளும் பெயர்களாயின. ஜான்பிராங்கோ பரோலினி 'ஸபாத்தா'வில் கழைக்கூத்தையும் ஜாலவித்தையையும் புகுத்தி ஒரு தினுசான குதூகலத்தை உண்டாக்கினார். தெமோபிலோ பிதானியின் படங்களில் மனிதர்கள் குதிரையில் போய்க்கொண்டே இருக்கிறார்கள், எங்கே என்று டைரக்டருக்கே தெரியாது.

இரும்புத்திரைக்கு அப்பால் நிலைமை வேறு. கிழக்கு ஜெர்மனியின் டேபா ஸ்டூடியோ, மேற்கத்தியரின் வின்னெட்டுவுக்கு எதிர்வாதமாக, செவ்விந்தியரையே நாயகராகவும் நிலப்பறிப்பையே பொருளாகவும் கொண்டு படமெடுத்தது. 1966இல் வந்த 'பெருங்கரடியின் புத்திரர்' படத்தைச் செக் நாட்டு யோஸெப் மாஹ் டைரக்ட் செய்தார். மூலநாவலை எழுதிய லீஸலோட்டே வெல்ஸ்கோப்ப் ஹைன்ரிஹ் அம்மையார் பண்டைச் சரித்திரப் பேராசிரியை. வின்னெட்டு படங்களில் சிறு வேஷம் போட்டிருந்த ஸெர்பிய நடிகர் கோய்கோ மிட்டிச் இங்கே தலைவனானார். நியாயம் இவர்கள் பக்கம்; காமிராவின் கற்பனை அவ்வளவாக இல்லை. செக் நாட்டார் மாத்திரம் வேறு வழி சென்றார்கள். ஓல்ட்ரிஹ் லிப்ஸ்கி 1964இல் எடுத்த 'லெமனேட் ஜோ'வில், சாராயம் தொடாத பாடகக் கௌபாய் ஒருவன் எலுமிச்சைப் பானம் ஒன்றுக்கு ஏஜெண்டாக ஊரைத் திருத்துகிறான். ஊமைப்படங்களைப்போல் ஒரே வர்ணம் ஏற்றிய சட்டங்களில், முதலாளித்துவ விளம்பரத்தையும் பழைய ஹாலிவுட்டையும் ஒருங்கே கேலி செய்து, இரண்டின்மீதும் தனக்குள்ள ரகசிய ஆசையையும் ஒளிக்காமல் காட்டும் படம் அது.

கேலிதான் இத்தாலியரின் கதையையும் முடித்தது. 'ஜாங்கோ'வின் சேற்றைப் படம்பிடித்த அதே என்ஸோ பர்போனி டைரக்டராகி, 1970இல் 'அவனை டிரினிட்டி என்றார்கள்' படத்தைக் கொடுத்தார். சோம்பேறித் தம்பியும் முரட்டு அண்ணனுமாக டெரென்ஸ் ஹில்லும் பட் ஸ்பென்ஸரும் கன்னத்தில் அறைந்தும் மண்டையில் குட்டியும் சண்டையிட, பிணங்களை எண்ணி அலுத்திருந்த குடும்பங்கள் குழந்தைகளோடு கொட்டகைக்குத் திரும்பின. மறு ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தின் வசூல் இன்னும் பெரிது. ஏறக்குறைய அதே காலத்தில் நம் நாட்டிலும் ஓர் ஒளிப்பதிவாளரே இந்த மரபைக் கைக்கொண்டது ஆச்சரியமான பொருத்தம். 'காலம் வெல்லும்', 'ஜக்கம்மா' முதலிய படங்களில் ஜெய்சங்கரைக் குதிரையேற்றிப் புழுதி பறக்கவிட்ட கர்ணனைத்தான் சொல்கிறேன். ஒளிப்பதிவாளன் டைரக்டரானால் கதை கால்பங்கும் காற்று முக்கால்பங்குமாக இருக்கும் என்று குறைகூறுவோர் இருக்கலாம். கௌபாய்ப் படத்துக்கு அந்த விகிதாசாரம் தவறென்று எனக்குத் தோன்றவில்லை.

திரைப்படச் சங்கங்கள் இவற்றைத் திரையிட முற்படும்போது எழும் ஒரு தகராறைப் பற்றிச் சொல்லவேண்டும். எந்தப் பாஷைப் பிரதியைக் காட்டுவது என்பதே அது. இத்தாலியப் படத்தை இத்தாலிய பாஷையில் பார்ப்பதே முறை என்று கண்டிப்பானவர்கள் கூறுவார்கள். அந்தப் பிரதியில் கிளின்ட் ஈஸ்ட்வுட்டுக்குக் குரல் கொடுப்பவர் என்ரிகோ மரியா ஸலெர்னோ என்னும் இத்தாலிய நடிகர். இங்கிலீஷ் பிரதியில் ஈஸ்ட்வுட் தாமே பேசுகிறார், ஆனால் வொலொண்டே பேசுவது வேறொருவர் குரலில். எந்தப் பிரதியிலும் எல்லாருக்கும் சொந்தக் குரல் கிடையாது. லியோனேயின் டாலர் படங்களுக்கு இங்கிலீஷ் பிரதியையும், கோர்புச்சிக்கும் ஸொல்லிமாவுக்கும் குவெஸ்திக்கும் இத்தாலியப் பிரதியையும் தேர்வது என் வழக்கம். 'மாபெரும் மௌனம்' படத்துக்கு மட்டும் எதைத் தேர்ந்தாலும் பாதகமில்லை. நாயகன் வாய் திறப்பதில்லை.